உங்கள் தெருமுனைப் பூங்காவைச் சீர்படுத்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாநகராட்சியின் கையில் சிறிதும் பெரிதுமாக எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றவற்றை விட்டுவிடுவோம். நாலு சிமென்ட் பெஞ்ச், ஒரு சறுக்கு மரம், பூட்டியே கிடக்கும் கழிப்பறை, சுற்றிலும் ஒரு நடைபாதை என்று தெருமுனையில் அரை ஏக்கரில் ஒன்று இருக்குமே, அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். அப்படி ஒரு பூங்காவோடு எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் சில வருடங்களாக மல்லுக்கட்டி வருகிறது. பக்கத்துப் பேட்டைகளிலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் பூங்காவில் உட்காருங்கள். காலை ஐந்தரைக்கு யார் வருகிறார்கள், பதினொரு மணிக்கு யார், சாயங்காலம் யார், யாரெல்லாம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் முதலில் தெரிந்த விஷயம் பெஞ்ச். மொத்தம் ஒன்பது. எட்டில் யாருமே உட்காரவில்லை. வடகிழக்கு மூலையில் பூவரசு மரத்தடியில் இருந்த ஒன்றுக்கு மட்டும் நாள் முழுக்க ஆள். காலையில் பேப்பர் படிக்கிறவர், அப்புறம் டெலிவரிப் பையன்கள் இருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, பிறகு பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பாட்டி. மற்ற எட்டும் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு கோரிக்கைப் பட்டியலில் “கூடுதல் இருக்கைகள்” என்று எழுதி வைத்திருந்தோம். அதை அடித்துவிட்டு “இருக்கும் பெஞ்சுகளை மர நிழலுக்கு மாற்றவும்” என்று எழுதினோம். செலவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்று: நல்ல மழை நாளில் குடையோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே சாக்கடைக்கு ஓடுகிறது என்பதை எந்த வரைபடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இடம் உண்மையிலேயே பூங்காவுக்கானதுதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய மனைப்பிரிவுகளில் உள்ள பூங்காக்கள் பெரும்பாலும் ஓ.எஸ்.ஆர். நிலம். அதாவது, மனை போடும்போதே பொதுத் திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. எனவே அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் கையில் வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இந்தக் காகிதம் எதற்கு என்றால், பூங்கா இடத்தில் திடீரென்று வேறு ஏதாவது கட்டிடம் எழும்பும்போது பேச வாய் வேண்டுமே. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே 1959ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்தான்.

யாரிடம் போய்ப் பேச வேண்டும்?

கவுன்சிலர், வார்டின் உதவிப் பொறியாளர் இருவரிடமும். ஒருவரிடம் மட்டும் போனால் மற்றவர் கோபித்துக்கொள்வார். விளக்கு எரியவில்லை, குழாய் உடைந்துவிட்டது போன்ற சில்லறைப் புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண் போதும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்பி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2022ல் வந்த விதிகளின்படி நகர வார்டுகளிலும் கிராம சபை மாதிரி பகுதி சபைகள் உண்டு. பாதிப் பேருக்கு இது தெரியாது, அதனால் கூட்டத்தில் பேச நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

பணம்?

பூங்கா மாநகராட்சியுடையது, செலவும் அவர்களுடையது. அதை முதலில் மனதில் நிறுத்துங்கள். வீட்டுக்கு ஆயிரம் என்று வசூலித்துப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தால் அடுத்த வருடமும் நீங்களே அடிக்க வேண்டிவரும். கொஞ்சம் பெரிய வேலை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பூங்காவைத் தத்தெடுத்துப் பராமரிக்க நிறுவனங்களும் சங்கங்களும் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போடுவதும் நடக்கிறது. நிறுவனம் வந்தால் அதன் பெயர்ப் பலகை என்ன அளவில் இருக்கலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டால் மரத்தைவிடப் பலகை பெரிதாக வளரும்.

பூங்கா முழுக்கப் பேவர் பிளாக் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். சுத்தமாக இருக்குமே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒப்பந்த வேலையில் அளக்க எளிது சிமென்ட். இத்தனை சதுர மீட்டர், இத்தனை ரூபாய், பில் போட்டுவிடலாம். நிழலையும் மண்ணின் ஈரத்தையும் அப்படி அளக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தடவை ‘மேம்படுத்தும்’போதும் மண் கொஞ்சம் குறையும், கல் கொஞ்சம் கூடும். எங்கள் பூங்காவில் அப்படி மூன்று மேம்பாடுகள் நடந்திருந்தன. மூன்றாவதுக்குப் பிறகு ஒரு வேப்பமரத்தின் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட மிச்சமில்லை. கற்களை வேரே தூக்கி நிறுத்தியிருந்தது. தடுக்கி விழுந்த ஒரு பெரியவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உடனே வந்த யோசனை என்ன தெரியுமா? மரத்தை எடுத்துவிடலாம் என்பது.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவாவது சிமென்ட் இல்லாமல் விட வேண்டும் என்று டெல்லி வழக்கு ஒன்றில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ல் உத்தரவிட்டது. அதை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதினோம். கடப்பாரையோடு இரண்டு பேர் வந்து, அரை நாளில் சுற்றியிருந்த கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். அடியில் இருந்த மண் மாவு மாதிரி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. முதல் மழைக்குப் பிறகு அங்கே மண்புழு எச்சம் சின்னச் சின்ன உருண்டைகளாக வந்ததைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே கூடியது.

நடைபாதை வேண்டும்தான். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும் அகலத்தில், வாசலில் படியில்லாமல், 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்குக்கு மேல் போகாத சரிவோடு ஒரே ஒரு வட்டப்பாதையைக் கெட்டியாகப் போடுங்கள். மீதியெல்லாம் மண், புல், சருகு. எட்டு வடிவப் பாதை கேட்பவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். ஒரு மூலையில் போட்டுக் கொடுத்துவிட்டால் சண்டை மிச்சம்.

மழைநீரைப் பூங்காவுக்குள்ளேயே இறக்க முடியுமா?

முடியும், ஆனால் உங்கள் பேட்டையின் மண்ணைப் பொறுத்தது. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை மணல் பூமி. தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம், பெரம்பூர் களிமண். நின்று யோசித்துத்தான் இறங்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கொஞ்சம் தோண்டினால் பாறை. பூங்காவின் தாழ்வான மூலையில் ஓர் அடிக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் மாநகராட்சியே ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் பல பூங்காக்களில் தாழ்வான குட்டைகளை வெட்டியிருக்கிறது. தெருத் தண்ணீர் அதில் வந்து நின்று, கீழே உள்ள உறிஞ்சுகுழிகள் வழியாக மண்ணுக்குள் போகும். களிமண் பகுதியில் மேலோட்டமான பள்ளம் பயன்படாது. களிமண் அடுக்கைத் தாண்டி உறிஞ்சுகிணறு இறக்க வேண்டும்.

“கொசு வருமே” என்பார்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் தேவை. மூன்று நாளில் வற்றும் குட்டையால் தொல்லையில்லை. வற்றாத குட்டை என்றால் தூர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் தூர் வாருங்கள். தெருத் தண்ணீர் நுழையும் வாயில் சாக்கடையோடு கலக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என்ன மரம் நடலாம்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஊரைப் புரட்டிப் போட்டதில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் தெருவில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிடந்தவற்றில் மயில்கொன்றையும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் எத்தனை என்று. சீக்கிரம் வளரும், அழகாகப் பூக்கும், கிளை முறியும். வேரை சிமென்ட் நெருக்கிவிட்ட மரம் எந்த ஜாதியானாலும் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடற்கரைப் பக்கம் என்றால் புன்னை, பூவரசு. கொஞ்சம் உள்ளே தள்ளி வேம்பு, புங்கம், மகிழம், நாவல், இலுப்பை. தண்ணீர் தேங்கும் மூலையில் நீர்மருது அல்லது கடம்பு. மஞ்சள் வேண்டும் என்பவர்களுக்குச் சரக்கொன்றை. நாவல் பழம் தரையெல்லாம் கறை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அதை நடைபாதைக்கு மேலே கிளை வராத இடத்தில் வையுங்கள், கறையும் பிள்ளைகளும் அந்தப் பக்கமே இருக்கட்டும். கோனோகார்பஸ் மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை நடுவதைத் தமிழ்நாடு அரசு 2025ல் தடைசெய்துவிட்டது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது வேறு பயிருக்கு, வேறு ஊருக்கு. சென்னையில் மரக்கன்றுக்குப் புரட்டாசிக் கடைசிதான் தோது. மூன்றடிக் குழி, ஆளுயரக் கன்று, ஒரு முட்டுக் கம்பு. வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடிக்கவைக்கும். அதற்குப் பிறகு வரும் இரண்டு கோடைகளுக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் போட்டு எழுதாமல் கன்றை நடாதீர்கள். இரும்புக் கூண்டையும் மறக்காமல் கழற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஒரு புங்க மரம், கூண்டின் கம்பியைப் பட்டைக்குள் விழுங்கிவிட்டு இன்னும் நிற்கிறது.

மியாவாக்கி காடு போடலாமா?

சின்ன இடத்தில் பலவகை மரக்கன்றுகளை நெருக்கி நட்டுக் காடாக்கும் ஜப்பானிய முறை இது. இடம் தாராளமாக இருந்தால் ஒரு ஓரத்தில் போடலாம். கோட்டூர்புரத்தில் 2020ல் மாநகராட்சி போட்டதிலிருந்து பல இடங்களில் முளைத்துவிட்டது. நெருக்கி நடுவதால் வேகமாக உயரும், ஆனால் உள்ளே நடக்கவோ உட்காரவோ முடியாது. அரை ஏக்கரில் கால் பகுதியை அதற்குக் கொடுத்தால் பிள்ளைகள் ஓட எங்கே இடம்? காடு பார்க்க ஆசை என்றால் அதே கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரை மரப்பூங்காவுக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள். குப்பை கொட்டிக் கிடந்த இடம். ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் 2006லிருந்து மண்வெட்டியோடு நின்று உருவாக்கியது.

பட்டாம்பூச்சியும் பறவையும் வர என்ன செய்ய வேண்டும்?

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமானால் அதன் புழு தின்னும் செடி வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் வைத்தால் எலுமிச்சை அழகி வரும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன். ஆவாரை, சரக்கொன்றை இருந்தால் வெளிர்மஞ்சள் கூட்டம். ஆடுதீண்டாப்பாளை ஒன்று இருந்தால் போதும், செந்தலையும் கருஞ்சிறகுமாக ரோசா அழகி தேடிக்கொண்டு வரும். இலை ஓட்டையாகும், அது வேண்டும் என்றுதான் வைக்கிறோம். கறிவேப்பிலை இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தொட்டால் நகரும். அதுதான் எலுமிச்சை அழகியின் குட்டிப் புழு. மருந்தடிக்க வருகிறவரிடம் இதைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

பறவைக்குப் பட்டுப்போன கிளை முக்கியம். காய்ந்த கிளை என்றாலே வெட்டும் வழக்கம் நமக்கு. நடைபாதைக்கு மேலே இருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஓரமாக, யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் விடுங்கள். எங்கள் பூங்காவின் மதிலோர முருங்கையில் பட்டுப்போன ஒரு கிளையை விட்டுவைத்தோம். மாசி மாதம் செம்மார்புக் குக்குறுவான் ஒன்று அதில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை குடைந்தது. வாலும் முதுகும் மட்டும் வெளியே தெரிய, மரத்தூள் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். வெயிலேறியதும் அதே குரல்: டுக், டுக், டுக் என்று செம்பு தட்டுகிற மாதிரி, நிற்காமல். இத்தனை நாள் அது பக்கத்து ஒர்க் ஷாப் சத்தம் என்றே நினைத்திருந்தோம்.

புதர் விட்டால் பாம்பு வராதா?

பாம்பு எலிக்காக வரும், எலி மிச்சச் சோற்றுக்காக வரும். குப்பைத் தொட்டியை மூடுங்கள். நகரப் பூங்காவில் கண்ணில் படுவது பெரும்பாலும் விஷமில்லாத சாரை. ஆனாலும் எந்தப் பாம்பு என்று பார்க்கக் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். புதரை விளையாட்டிடத்திலிருந்து தள்ளி, மதிலோரமாக, இடுப்பு உயரத்துக்குள் வைத்தால் போதும்.

பசங்க கிரிக்கெட் ஆடித் தொல்லை செய்கிறார்கள். தடுக்கலாமா?

தடுத்தால் எங்கே போவார்கள், தெருவுக்குத்தான். “பந்து விளையாடாதீர்கள்” என்ற பலகை எங்கள் பூங்காவிலும் இருந்தது; பையன்கள் அதையே ஸ்டம்பாக வைத்து ஆடினார்கள். கடைசியில் அவர்களையே கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “அங்கிள், நீங்க காலையில நடக்கறீங்க, பாட்டிங்க சாயங்காலம் உட்கார்றாங்க, எங்களுக்கு எந்த டைம்?” பதில் சொல்ல ஆள் இல்லை. இப்போது ஞாயிறு காலை எட்டு முதல் பத்துவரை, மற்ற நாள் நாலரை முதல் ஆறுவரை அவர்களுடையது. ரப்பர் பந்து மட்டும். மதிலைத் தாண்டினால் அவுட்.

அதே மாதிரி மதியம் பூட்டுவது. பல பூங்காக்களைப் பத்து மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்பது வழக்கமாக இருந்தது. வெயிலில் நிழல் தேவைப்படும் நேரமே அதுதான். டெலிவரிப் பையன்களும் வீட்டுவேலை முடித்துவரும் அக்காக்களும் ஒதுங்க வேறு இடம் எது?

விளையாட்டுச் சாமான்களுக்கு அடியில் ரப்பர் தரை போடலாமா?

எங்கள் வெயிலுக்கு ரப்பர் சுடுகிறது. ஓர் அடி ஆழத்துக்கு ஆற்றுமணல் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீரும் இறங்கும், பிள்ளைகள் வீடும் கட்டுவார்கள். பூனை அசிங்கம் செய்தால் காலையில் சலிக்க வேண்டும், அது ஒன்றுதான் வேலை. ஊஞ்சல் சங்கிலிக் கொக்கியை மாதம் ஒரு தடவை பாருங்கள், தேய்வது அங்கேதான்.

பெண்கள் ஏன் இருட்டியதும் வருவதில்லை?

அவர்களையே கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்கள் மூன்று: கழிப்பறை பூட்டியிருக்கிறது, பின்மூலை இருட்டு, வாசலில் பைக் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாவி காவலாளியிடம், காவலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது என்ற நிலை மாறவே எட்டு மாதம் ஆனது. விளக்கைப் பொறுத்தவரை, வெள்ளை வெளேரென்ற ஹைமாஸ்ட் (உயர்கம்ப விளக்கு) வேண்டாம். பூச்சியும் பறவையும் தூங்காது, எதிர்வீட்டுக்காரரும் தூங்க மாட்டார். மஞ்சள் ஒளியில், கீழ்நோக்கிய தாழ்வான கம்பங்கள் நாலைந்து போட்டால் முகம் தெரியும். அதுதான் தேவை.

நாய்கள்?

2023ல் வந்த விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சோறு வைக்கும் இடத்தைப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளிக் குறிப்பதும் அதில் இருக்கிறது. சோறு வைப்பவரை விரட்டாமல் இடம் குறித்துக் கொடுங்கள். எந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு மூலையில் சின்னதாகப் பிள்ளையார் கோவில் கட்டலாம் என்கிறார்கள்…

பொதுப் பூங்காவில் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியில்லாத புதுக் கட்டுமானம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. அதைச் சொல்லுங்கள், நீங்கள் கெட்டவராக வேண்டாம். அரசமரத்தடியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டவர் விஷயத்தில் நான் கருத்து சொல்வதாக இல்லை.

ஆட்கள் கூட வேறு வழிகள் இருக்கின்றன. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இளம் பாடகர்களின் மைக் இல்லாத கச்சேரி வருடக்கணக்கில் நடந்துவந்திருக்கிறது. மைக் இல்லை என்பதுதான் அதில் அழகு.

சருகை என்ன செய்வது?

கொளுத்தாதீர்கள். இரண்டு கம்பிவலைக் கூண்டு, ஒவ்வொன்றும் நாலடி. ஒன்றில் போடுங்கள், நிறைந்ததும் மற்றொன்று. சாணித் தண்ணீர் தெளித்து ஈரம் வைத்தால் மூன்று நாலு மாதத்தில் உரம். வேம்பின் அடியில் விழுந்ததை அள்ளவே வேண்டாம்.

திறப்பு விழாவுக்கு அப்புறம்?

அப்புறம்தான் பூங்கா. மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று: விளக்கு எத்தனை எரிகிறது, குழாய் சொட்டுகிறதா, கொக்கி, கழிப்பறைச் சாவி, கன்றுகள். எழுதி, படமெடுத்து, அன்றே உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். முதல் மாதம் எங்களோடு இருபத்தாறு பேர் வந்தார்கள். ஆறாவது மாதம் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர் பூங்காவைப் பெருக்கும் அம்மா. எந்தக் குழாயின் வாஷர் போயிருக்கிறது என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது நோட்டு அவரிடம்தான் இருக்கிறது.